விருந்தாளி முகத்தில் பவுடர்

அம்மா வெளிநாடு போக ஆசைப்பட்டதில் எனக்குப் பயம் இல்லை. அதற்கு முன்னால் ஒருவர் எங்கள் வீட்டில் வந்து தங்க வேண்டும் என்பதுதான் பயமாக இருந்தது.

ஏற்பாடு இதுதான். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இன்னொரு நாட்டுக்குப் போய், யாராவது ஒருவர் வீட்டில் மூன்று வாரம் தங்கி, அந்த ஊர்ப் பொதுக் காரியம் ஒன்றில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். ஹோட்டல் கிடையாது, சுற்றிப் பார்ப்பது கிடையாது. பிறகு அந்த வீட்டுக்காரர் வந்தவருடைய ஊருக்குப் போய் அதே மாதிரி தங்க வேண்டும். நிறத்தை வைத்து மனிதரை அளக்கும் பழக்கம் கூட்டம் போட்டுப் பேசினால் போகாது, ஒரே குளியலறையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் கொஞ்சம் போகலாம் என்பது அதை நடத்துகிறவர்களின் நம்பிக்கை. வயதானவர்களை மட்டும் ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். இளைஞர்கள் வந்தால் இங்கே வேலை தேடத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஊர் சந்தேகப்படும், தலை நரைத்தவர்கள்மேல் அந்தச் சந்தேகம் சீக்கிரம் விலகும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. வந்தவர் தங்கி முடித்து, ‘இவர் என் வீட்டுக்கு வரலாம்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் போக முடியாது.

அம்மா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், அப்பா போன பிறகும் அங்கேயே இருந்து, ஓய்வு பெற்றதும் என்னோடு கரையான்சாவடிப் பக்கம் ஒரு அடுக்ககத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் முதியோருக்கான பகல் நேர மையம் ஒன்று இருக்கிறது. வீட்டில் பேச ஆளில்லாத பெரியவர்கள் காலையில் வந்து சாயங்காலம் போவார்கள். அம்மா அங்கே மதியச் சாப்பாடு பரிமாறப் போய்க்கொண்டிருந்தாள். இந்த ஏற்பாட்டைப் பற்றி அங்கேதான் கேள்விப்பட்டாள். ரயிலில் திருப்பதியைத் தாண்டிப் போகாதவள், தானே போய் பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஏம்மா இந்த வயசுல என்று கேட்டதற்கு, “நம்மளையும் ஒருத்தவங்க வீட்டுல சமமா உக்கார வச்சு சோறு போடுவாங்களான்னு பாக்கணும்” என்றாள்.

அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு செயலி எங்கெல்லாம் உடையக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து வரிசையாக எழுதுவது என் தொழில். அந்தப் புத்தி வீட்டிலும் அடங்குவதில்லை. வரப்போகிறவர் கென்யாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸ் என்று தெரிந்த அன்றே, உடையக்கூடிய இடங்களை எழுதிவிட்டேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர். மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகள். ஆட்டோ ஸ்டாண்டு. கடைத்தெருவில் நின்று உற்றுப் பார்க்கிறவர்கள். கேட்காமல் போனில் படம் எடுக்கிறவர்கள். மையத்துக்கு வரும் பெரியவர்களில் இரண்டு பேர். அம்மாவைப் பற்றி எழுதத் தோன்றவே இல்லை.

செயலாளர் எதிர்பார்த்த மாதிரியே வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையாகத்தான் பேசுவார். எத்தனை நாள் தங்குவார்கள், போலீசுக்குச் சொல்லியாகிவிட்டதா, விசா என்ன விசா என்று கேட்டார். வெளிநாட்டுக்காரரைத் தங்க வைப்பவர்கள் பதிவு செய்ய வேண்டியதை அவர் வந்தவுடனே இணையத்தில் செய்துவிடுவேன் என்றேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நியூஸ்ல என்னென்னமோ வருது. இங்க ஃபேமிலிங்க இருக்காங்க.”

“போன வருஷம் மூணாவது மாடியில அவங்க மாப்பிள்ளை வந்து ரெண்டு மாசம் தங்கினாரே சார், அவருகிட்ட விசா கேட்டீங்களா?”

அந்த மாப்பிள்ளை வெள்ளைக்காரர். பொங்கலுக்கு அவரைப் பானைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, செயலாளரே பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். “அது வேறம்மா” என்று சொல்லிவிட்டு, எது வேறு என்று சொல்லாமல் போனார்.

விருந்தாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். உயரமானவர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். செருப்பை வாசலில் விட வேண்டும் என்று யாரும் சொல்லாமலே விட்டார். சொந்தத் தட்டு, டம்ளர், தெர்மாமீட்டர் எல்லாம் பையில் கொண்டுவந்திருந்தார். நர்ஸ் என்பதால் அம்மா அவரை முதல் நாளிலிருந்தே சிஸ்டர் என்று கூப்பிட்டாள். அவர் அம்மாவை ‘மாமா’ என்றார். அவர்கள் ஊரில் மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். அதைக் கேட்டு மாடிப்படிப் பிள்ளைகள் இரண்டு நாள் சிரித்தார்கள்.

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் தொழிற்சாலையில் கற்றது. ஓவர்டைம், கேட் பாஸ், ரிஜெக்ட், அர்ஜென்ட். இதை வைத்துக்கொண்டு அவள் சமையலறையில் அவரோடு மணிக்கணக்காகப் பேசினாள். சப்பாத்தி வட்டமாக வரவில்லையென்றால் ரிஜெக்ட். குக்கர் விசில் அடித்தால் அர்ஜென்ட். சப்பாத்தி அவர்கள் ஊரிலும் உண்டு, அதே பெயர்தான் என்று தெரிந்தபோது அம்மாவுக்கு ஏற்பட்ட ஆச்சரியம் சாயங்காலம் வரை தீரவில்லை.

நான்தான் நிம்மதியில்லாமல் இருந்தேன். கடைக்குப் போனால் அவருக்கு இரண்டடி முன்னால் நடந்து, எதிரே வருகிறவர்களின் முகத்தைப் படித்துக்கொண்டே போனேன். யாராவது உற்றுப் பார்த்தால் நான் அவர்களுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். பின்னால் யாராவது ஏதாவது சொன்னால், என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்பார். உங்கள் உயரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பேன். உங்கள் சட்டை நன்றாக இருக்கிறதாம் என்பேன். முதல் வாரம் முழுக்க நான் அவருக்கு மொழிபெயர்த்ததில் பாதி என் சொந்தச் சரக்கு.

அவரைப் பற்றி ஒருவர் சொன்னதை ஒரே ஒரு முறைதான் உள்ளபடி சொன்னேன். மையத்துக்குப் போக ஆட்டோ பிடித்தபோது, ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னாம்மா, ஆப்பிரிக்காவா? நம்ம கலர்தான் கீறாங்க. ஊட்டு ஆளு மாரி.”

இதைச் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னேன். விருந்தாளி முன்னால் குனிந்து, ஹேண்டில்பார்மேல் இருந்த அவர் கையையும் தன் கையையும் ஒப்பிட்டுப் பார்த்து, இல்லை, இவர் என்னைவிட இரண்டு படி வெளுப்பு, அவரிடம் சொல்லு என்றார். சொன்னேன்.

“பாத்தியா, எங்கூட்டு ஆளுங்க எவனும் சொன்னது இல்ல. வெளிநாட்டுலேர்ந்து வந்துகினு சொல்றாங்க” என்று அவர் சிரித்தார். விருந்தாளியும் சிரித்தார். ஓட்டுநருக்கு அதில் இருந்த சந்தோஷத்தைக் கவனித்தேன். இறங்கும்போது அவர் தன் முன்கையை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மையத்தில் விருந்தாளிக்கு வேலை, பெரியவர்களுக்குக் காலையில் கை கால் பயிற்சி சொல்லிக்கொடுப்பது. நான் எழுதி வைத்திருந்த அந்த இரண்டு பெரியவர்களும் முதல் நாள் அவர் கை பட்ட இடத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்களாம். நான்காம் நாள், முழங்கால் வலிக்கு எங்கே அழுத்தச் சொன்னார் அந்த அம்மா என்று அவர்களே தேடி வந்தார்களாம். இதை அம்மா சொல்லும்போது ஏதோ தானே வைத்தியம் செய்துவிட்ட மாதிரி சொல்வாள். நான் எழுதியவற்றில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது வாரம் பாதியில், இனி எதுவும் ஆகாது என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

அந்த வாரம் மையத்தின் ஆண்டு விழா. எனக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. பிற்பகலில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அடுக்ககத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் அம்மா ஒரு படம் போட்டிருந்தாள். ‘எங்க வீட்டு சிஸ்டர்’ என்று தமிழில் எழுதி, கீழே ஒரு பூ.

படத்தில் விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கத்தரிப்பூ நிறக் காட்டன் புடவை, அம்மா தைத்துக் கொடுத்த ரவிக்கை. நெற்றியில் பொட்டு. பூ வைக்க முடி இல்லாததால் மல்லிகையை மணிக்கட்டில் சுற்றியிருந்தார்கள். முகம் முழுக்க வெள்ளைப் பவுடர். கழுத்து வரை வந்து அங்கே ஒரு கோடு போட்டு நின்றது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் அது சாம்பலாகத் தெரிந்தது. அந்தச் சாம்பலுக்கு நடுவே அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அது அம்மாவின் கைவேலை என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பள்ளிக்கூடப் படங்கள் எல்லாவற்றிலும் என் முகம் இப்படித்தான் இருக்கும். சாயங்காலம் முகம் கழுவினால் பவுடர், பொட்டு, பூ. வெளியே கிளம்பினால் பவுடர். யாராவது பெண் விருந்தாளி எங்கள் வீட்டிலிருந்து விசேஷத்துக்குப் புறப்பட்டால் அவருக்கும் பவுடர் டப்பாவை நீட்டாமல் அம்மாவால் அனுப்ப முடியாது. அது அவளுக்கு உபசாரம். நிறைய போட்டிருந்தாள். பிரியம் அதிகமானால் அவளுக்குக் கை தாராளமாகிவிடும்.

படத்துக்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ‘ஆண்ட்டி, ஒரு டப்பா பத்தலையா’ என்று ஒருவர். ‘இன்னும் ரெண்டு கோட்டிங் அடிச்சா இங்கேயே மாப்பிள்ளை பாத்துடலாம்’ என்று இரண்டாவது மாடிப் பெண் ஒருத்தி. அவள் என்னோடு லிஃப்டில் தினமும் பேசுகிறவள். அம்மா அதற்கும் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தாள். கிண்டல் என்று அவளுக்குப் புரியவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. குழுவை நிர்வகிப்பவர் செயலாளர். அந்தப் படத்தையும் பதில்களையும் நீக்கிவிடுங்கள் என்று அவருக்குத் தனியாக எழுதினேன். பதில் உடனே வந்தது. சும்மா ஜோக்குதானே, அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே என்று எழுதியிருந்தார்.

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அம்பத்தூர் எஸ்டேட் நிறுத்தத்தில் பஸ் வர நேரமாயிற்று. ஏறியதும் வழக்கம்போல வரிசைப்படுத்தப் பார்த்தேன். விருந்தாளி படத்தைப் பார்க்கவில்லை என்றால் இப்படிச் செய்வது. படத்தைப் பார்த்து, பதில்களைப் பார்க்கவில்லை என்றால் அப்படி. இரண்டையும் பார்த்திருந்தால். அதற்கு மேல் ஓடவில்லை. சிரிக்கும் முகத்தைப் படிக்க எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று பஸ் பூந்தமல்லிச் சாலையில் திரும்பும்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கதவு திறந்தே கிடந்தது. அம்மா சமையலறை வாசலில் புடவை கூட மாற்றாமல் நின்றிருந்தாள். “சிஸ்டர் பேச மாட்டேங்கறாங்க. வந்தவுடனே மூஞ்சி கழுவினாங்க. சோப்பு போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாங்க. ஒடம்பு சரியில்லையோ?”

விருந்தாளி என் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டி திறந்திருந்தது. தட்டும் டம்ளரும் அதற்குள் போயிருந்தன. ஏற்பாட்டாளருக்கு எழுதிவிட்டேன், வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், நாளை பேசுவதாகச் சொன்னார்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. வார்டில் ஒரு நோயாளியை மாற்றும் விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். உன் அம்மா பவுடரை எடுத்தபோது வேர்க்குருவுக்கு என்று நினைத்தேன், கண்ணை மூடிக்கொண்டேன் என்றார். விழாவில் எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். புடவை கட்டியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்திருக்கிறார். திரும்பி வரும்போது அம்மா போனை நீட்டி, பாருங்க சிஸ்டர் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறாள்.

“நான் எந்த வார்டில் வேலை பார்த்தேன் என்று நீ கேட்கவே இல்லையே” என்றார். “தோல் நோய் வார்டு. வெளுக்கிறதுக்காக எதையெதையோ பூசிக்கொண்டு முகம் வெந்துபோய் வருவார்கள். பதினாறு வயதுப் பெண்கள். என் தங்கையும் ஒருமுறை அந்தக் கட்டிலில் படுத்திருந்தாள்.”

பிறகு இன்னொன்று சொன்னார். இதற்கு முன் இதே ஏற்பாட்டில் அவர் ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊருக்குப் போயிருந்தார். அங்கே முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர், நிறம் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று ஈரத் துணியால் அவர் கையைத் தேய்த்துப் பார்த்தாராம். அதை அவர் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் அந்தக் கிழவரே அவர் ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்றாராம்.

“அங்கே நான் தயாராகப் போனேன். இங்கே தயாராக வரவில்லை. இங்கே இறங்கியதும் எல்லாரும் கிட்டத்தட்ட என் நிறம்தானே என்று பார்த்தேன். உன் அம்மாவைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன். இங்கே எதற்கும் தயாராக வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன்.”

அம்மா அறை வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். என்ன சொல்றாங்க என்று கேட்டாள். அன்றைக்கு நான் எதையும் மாற்றவில்லை. வார்டு, தங்கை, கிழவர், தயாராக வராதது எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் என்னடி தப்பு பண்ணேன்? உனக்குப் போடற மாதிரிதானே போட்டேன்.”

“எனக்கும் பிடிக்காதும்மா.”

“என்னைக்குச் சொன்ன?”

“எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். நீ பவுடர் பஃப்பைக் கையில வச்சுக்கிட்டே கேட்ட.”

அம்மா தரையில் உட்கார்ந்தாள். என்ன பேசினோம் என்று விருந்தாளி கேட்டார். அதையும் சொன்னேன். கீழே யாரோ வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். என் மனசில் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவர் போய்விட்டால் அம்மாவின் பயணம் போய்விடும். அது போனால்கூடப் பரவாயில்லை. இப்படி ஒரு படத்தோடு இவர் போய்விட்டால், ஊரில் யாராவது சென்னையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் இவர் கையால் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அம்மா தலையை நிமிர்த்தாமலே பேசினாள். “நான் கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்தப்ப, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க உங்க அப்பாகிட்ட கேட்டாங்க, பொண்ண வெயில்ல காயவச்சு அனுப்பினாங்களான்னு. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அவரும் சிரிச்சாரு. அன்னையிலேர்ந்து பவுடர் இல்லாம நான் வாசப்படி தாண்டினது இல்ல. அதப் போட்டுக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சுத்தமா இருக்காளேன்னு விட்டுடுவாங்க. சிஸ்டர அத்தன பேரு நடுவுல உக்கார வைக்கிறோமே, யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதேன்னுதான் போட்டேன்.”

எனக்கு அது தெரியாது. அப்பா சிரித்தது தெரியாது. அதையும் மொழிபெயர்த்தேன். விருந்தாளி முழுக்கக் கேட்டார். அப்படியானால் உன் அம்மா என்னை ஒளித்துவைக்கப் பார்த்திருக்கிறாள் என்றார். அது தேவலையா, இன்னும் மோசமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

பிறகு அம்மாவைப் பார்த்து நேராகக் கேட்டார். “என் வீட்டில் இரண்டு பேத்திகள். என்னைவிடக் கறுப்பு. அங்கே வந்தால் அவர்களுக்கும் போடுவாயா?”

நான் தமிழில் சொன்னேன். அம்மா யோசித்தாள். மாட்டேன் என்று உடனே சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“மாட்டேன்னு வாயால சொல்லலாம். ஆனா கை தன்னால போயிடுமோன்னு பயமா இருக்கு. முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்.”

இதை எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். பிறகு அப்படியே சொன்னேன். விருந்தாளி எழுந்து பெட்டியைப் பார்த்தார். தட்டையும் டம்ளரையும் மட்டும் எடுத்து வெளியே வைத்தார். துணிகள் பெட்டியிலேயே இருந்தன. இன்று சாப்பிடுகிறேன், நாளையைப் பற்றி நாளை சொல்கிறேன் என்றார்.

அவர் சாப்பிடும்போது அம்மா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். குழுவில் அவள் எழுதித்தான் போடுவாள், குரலில் எதுவும் போட்டதில்லை. அன்றைக்குப் பேசிப் போட்டாள். “அந்தப் பவுடர் நான் போட்டது. அவங்களுக்குத் தெரியாது. நானும் கறுப்புதான், அதனால கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டேன். சிரிக்கறவங்க என்னப் பாத்துச் சிரிங்க. காலையில தண்ணி கேன் வண்டி வரும்போது கீழதான் நிப்பேன்.”

கொஞ்ச நேரத்தில் செயலாளர் படத்தையும் பதில்களையும் நீக்கினார். அம்மாவின் குரல் மட்டும் மிஞ்சியது. முன்னால் எதுவும் இல்லாமல் அது தனியாக நின்றது.

காலையில் நானும் அம்மாவுடன் கீழே போனேன். விருந்தாளியும் வந்தார். எதற்கு வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேன் வண்டி வந்ததும் எல்லாரும் அவரவர் கேனை எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். இரண்டாவது மாடிப் பெண் மட்டும் எங்கள் பக்கம் வந்து, யாரையும் நேராகப் பார்க்காமல், “சிஸ்டர் டிபன் சாப்டாங்களா?” என்று கேட்டாள். அம்மா, இன்னும் இல்லை என்றாள். அந்தப் பெண் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். என்ன கேட்டாள் என்று விருந்தாளி கேட்டார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள் என்றேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றேன். எங்கள் ஊரில் அதுவும் ஒருவகை மன்னிப்பு என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கே அது நிச்சயமில்லை.

ஏற்பாட்டாளர் அன்று கூப்பிட்டபோது, வார இறுதி வரை பார்க்கிறேன் என்றார் விருந்தாளி. வார இறுதியில் கூப்பிட்டபோது, இருந்துவிடுகிறேன் என்றார். ஆனால் வீடு பழைய மாதிரி இல்லை. சமையலறையில் ரிஜெக்ட் என்ற பேச்சு இல்லை. அவர் மையத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அவர் கன்னத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அம்மாவின் கை எழுந்து பாதியில் நின்றது. பிறகு தன் கன்னத்தில் அதே இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவரே துடைத்துக்கொண்டு, நன்றி மாமா என்றார். நான் காபியைக் குடிக்காமல் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் போனில் ஒரு சின்ன ஓசை வந்தாலும் உடனே எடுத்துப் பார்க்கும் பழக்கம் அந்த நாட்களில் வந்தது, இன்னும் போகவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள், மடிக்கணினியை மேசையில் வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஏற்பாட்டாளர் திரையில் இருந்தார். மையத்தில் என்ன வேலை செய்தார், உடல்நிலை எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார். வீட்டுக்காரர் உங்கள் வீட்டுக்கு வரலாமா?

அம்மா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி என்ன என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வரட்டும்” என்றார் விருந்தாளி. “ஆனால் முதல் வாரம் என் பேத்திகளிடம் நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் பேச வேண்டும். தனியாக விட மாட்டேன். அதற்குப் பிறகு பார்த்துச் சொல்கிறேன். இதற்குச் சம்மதமா என்று கேள்.”

ஏற்பாட்டாளர் சங்கடப்பட்டு ஏதோ சொல்ல வந்தார். அந்த ஒரு நொடியில் என் மண்டைக்குள் நாலைந்து மென்மையான தமிழ் வாக்கியங்கள் வரிசையில் வந்து நின்றன. குழந்தைகள் புது ஆளைப் பார்த்தால் பயப்படுவார்களாம் என்று சொல்லலாம். அவர்கள் வீட்டுப் பழக்கமாம் என்று சொல்லலாம். எதையும் எடுக்காமல், அவர் சொன்ன வார்த்தைகளை அவர் சொன்ன வரிசையிலேயே அம்மாவிடம் சொன்னேன். என் அம்மாவிடம் அப்படி ஒரு நிபந்தனையை யாராவது போடுவார்கள் என்று நான் நினைத்ததில்லை. அதை என் வாயால் சொல்வேன் என்றும் நினைத்ததில்லை.

அம்மா மேசைமேல் இருந்த தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நியாயந்தானே. சரின்னு சொல்லு.”

சொன்னேன்.